இரண்டாவது சுற்று

இதை நம்புவதும் நம்பாததும் உங்கள் விருப்பம். நடந்தது நடந்ததுதான். எனக்குக் கதை கட்டத் தெரியாது. இருபத்திரண்டு வருடமாக ரிஜிஸ்டரில் எண் எழுதிப் பிழைக்கிறவன். அதனால் வரிசையாக, நேரத்தோடு எழுதுகிறேன். எங்கேயாவது நேரம் தவறியிருந்தால் ஐந்து நிமிடத்துக்கு மேல் தவறியிருக்காது.

பேய் என்றால் நடுராத்திரியில்தான் வரும் என்று நானும் நினைத்திருந்தேன். இது பட்டப்பகலில் நடந்தது. ஒரு வியாழக்கிழமை, மதியம் 2.11 மணிக்கு. அந்த நேரத்தை நான் எழுதி வைத்திருக்கிறேன். இன்னொரு இடத்தில் இன்னொருவரும் எழுதி வைத்திருந்தார். அதைப் பிறகு சொல்கிறேன்.

முதலில் என் வேலையைச் சொல்லிவிட வேண்டும். அது புரியாவிட்டால் நான் ஏன் பயந்தேன் என்பதும் புரியாது.

எண்ணெய்க் கிடங்கு ஒன்றின் லேபில் நான் டெஸ்டர். என் மனைவிக்கும் அதே லேபில்தான் வேலை. அவள் காலை ஷிப்ட் என்றால் நான் மதியம். நான் காலை என்றால் அவள் மதியம். எங்கள் டீசல் பஸ் ஷெட்டுக்குப் போகும், ரொட்டி ஆலைக்குப் போகும், ஆஸ்பத்திரி ஜெனரேட்டருக்குப் போகும். போவதற்கு முன் அதில் தண்ணீரும் மண்டியும் எவ்வளவு கலந்திருக்கிறது என்று பார்த்துச் சொல்வதுதான் எங்கள் வேலை. டீசலில் தண்ணீர் கலந்தால் எஞ்சின் விக்கும். மண்டி சேர்ந்தால் ஃபில்டர் அடைத்துக்கொள்ளும். ஓடிக்கொண்டே இருக்கும் எஞ்சின் திடீரென்று நின்றுவிடும். எந்த இடத்தில் நிற்கும் என்பதை யாரும் சொல்ல முடியாது.

அளப்பது இப்படி. டேங்கிலிருந்து எடுத்த டீசலை நூறு மில்லி அளந்து, அடிப்பக்கம் ஊசிபோல் கூம்பிய கண்ணாடிக் குழாயில் ஊற்றுவோம். அப்படி இரண்டு குழாய். இரண்டையும் மிஷினில் எதிரெதிராக மாட்டிப் பத்து நிமிடம் வேகமாகச் சுற்றினால் கனமானதெல்லாம் கூம்பின் நுனிக்கு இறங்கிவிடும். அடியில் மண்டி, அதற்கு மேல் தண்ணீர், அதற்கு மேல் டீசல். நுனியில் போட்டிருக்கும் மெல்லிய கோடுகளை லென்ஸ் வைத்துப் பார்த்து எழுத வேண்டும். நூற்றுக்கு 0.05 வரை போகலாம். அதைத் தாண்டினால் அந்த டேங்கிலிருந்து ஒரு லாரியும் வெளியே போகக் கூடாது.

எங்கள் லேபில் இன்னொரு சட்டமும் உண்டு. ஒரு முறை சுற்றினால் போதாது. தண்ணீர் பொடிப்பொடியாகக் கலந்திருந்தால் முதல் சுற்றில் இறங்காது. டீசல் பளிச்சென்று இருக்கும், நாம் ஏமாந்துபோவோம். அதனால் குழாயை எடுத்து, நகத்தால் இரண்டு தட்டு தட்டிவிட்டு, மறுபடியும் பத்து நிமிடம் சுற்ற வேண்டும். ரிஜிஸ்டரில் இரண்டு கட்டம் இருக்கும். முதல் சுற்று. இரண்டாவது சுற்று.

உண்மையைச் சொல்லிவிடுகிறேன். யாரும் இரண்டாவது முறை சுற்றுவதில்லை. முதல் கட்டத்தில் 0.00 வந்தால் அடுத்த கட்டத்திலும் 0.00 என்று எழுதிவிட்டு டீ குடிக்கப் போய்விடுவோம். நானும் அப்படித்தான். பல வருடமாக.

என் மனைவி மட்டும் சுற்றுவாள். கிடங்கில் அவளுக்கு 'மறுசுற்று மேடம்' என்றே பெயர். அவள் எழுதும் பூஜ்யத்தின் நடுவே சாய்வாக ஒரு கோடு இருக்கும். ஏன் என்று கேட்டால், "பின்னாடி யாராவது அதை ஆறாவோ ஒன்பதாவோ மாத்திடக் கூடாது பாருங்க" என்பாள். வீட்டுக்கு வந்ததும் செருப்பைக்கூட நான் கழற்றியிருக்க மாட்டேன், கேள்வி வந்துவிடும்.

"ரெண்டாவது சுத்தினீங்களா?"

"சுத்தினேன்மா."

"நிஜமா?"

"உன் தலை மேல சத்தியம்."

கையை அவள் உச்சந்தலையில் வைத்தே சொல்வேன். அவள் சிரித்துக்கொண்டு தட்டிவிடுவாள். "தலை என்னோடதுதானே... உங்களுக்கென்ன, தாராளமா வைப்பீங்க."

இது எங்களுக்குள் தினமும் நடக்கும் விளையாட்டு. விளையாட்டு என்றுதான் நான் நினைத்திருந்தேன்.

அந்த வியாழக்கிழமைக்கு ஒன்பது நாள் முன்பு, வேலைக்கு வரும்போது அவள் ஏறிய பஸ் பாலத்து ஏற்றத்தில் நின்றுபோனது. விக்கி விக்கி நின்றது என்று கண்டக்டர் சொன்னார். பின்னால் இறக்கத்திலிருந்து வேகமெடுத்து வந்த லாரியால் நிறுத்த முடியவில்லை. அவள் கடைசி சீட்டில் இருந்தாள்.

அன்றிலிருந்து அவளுக்கு நினைவில்லை. மூச்சுவிடுவது மிஷின். பன்னிரண்டு கட்டில் உள்ள வார்டு; பன்னிரண்டிலும் அதே மிஷின். நாளைக்கு அரை மணி நேரம்தான் உள்ளே விடுவார்கள். மீதி நேரமெல்லாம் வராந்தா பெஞ்சில் சுவரைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். எட்டாம் நாள் மச்சினன், அவள் தம்பி, என் தோளைப் பிடித்து எழுப்பினான். "மாமா, நீங்க வேலைக்குப் போங்க. இப்படியே உட்காந்திருந்தா உங்களுக்கும் ஒரு கட்டில் போட வேண்டியிருக்கும். நான் இருக்கேன்ல." போனேன்.

மறுநாள்தான் புயல்.

மதியம் 12.40க்கு ஊர் முழுக்கக் கரண்ட் போனது. 1.20க்கு மச்சினன் போன் செய்தான்.

"மாமா, இங்க ஜெனரேட்டர்லதான் ஓடுது. டீசல் ஆறு மணி வரைக்கும்தான் வருமாம்."

"கவலைப்படாதே மாப்ள. நானே அனுப்புறேன்."

"சீக்கிரம் மாமா. அக்காவுக்கு..."

அதோடு லைன் அறுந்தது. அதன் பிறகு சாயங்காலம் வரை எந்தப் போனும் வேலை செய்யவில்லை.

கிடங்கில் அன்று நான்கு பேர்தான். மேனேஜர், கேட்டில் ஒருவர், ஒரு லாரி டிரைவர், நான். ஆறாம் டேங்கின் பம்ப் ரூமில் இடுப்பளவு தண்ணீர். நான்காம் டேங்கின் பம்ப் மட்டும் கிடங்கு ஜெனரேட்டரில் ஓடியது. மேனேஜர் நல்ல மனிதர். அவசரம் புரிந்தவர். "நீங்க டெஸ்ட் பண்ணுங்க, நான் இப்பவே நாலுலேருந்து லாரியை ரொப்பிடறேன். ரிசல்ட் வந்ததும் கிளம்பட்டும்" என்றார்.

1.35க்கு நான்காம் டேங்கின் மேலே ஏறினேன். மழை முகத்தில் அறைந்தது. தண்ணீர் பட்டால் நிறம் மாறும் பசையை அளவு நாடாவில் தடவி இறக்கிப் பார்ப்பது வழக்கம். இறக்கும் முன்பே மழையில் நிறம் மாறிவிட்டது. அதை நம்ப முடியாது. அடியிலிருந்து ஒரு பாட்டில் சாம்பிள் எடுத்துச் சட்டைக்குள் வைத்துக்கொண்டு இறங்கினேன்.

1.55. லேபில் கரண்ட் இல்லை. உயரத்தில் ஒரே ஒரு சிறிய ஜன்னல். வெளியே வானம் மசி மாதிரி கிடந்தது. எமர்ஜென்சி விளக்கை மேஜையில் வைத்தேன். மின்சார மிஷின் உதவாது. அலமாரியிலிருந்து கையால் சுற்றும் பழைய மிஷினை எடுத்து மேஜை விளிம்பில் திருகி மாட்டினேன். இரும்புக் கைப்பிடி, இரண்டு பித்தளைக் கிண்ணம். கைப்பிடியைச் சுற்றச் சுற்ற கிண்ணங்கள் படுத்துக்கொண்டு பறக்கும். கர்ர்ர்... என்று ஒரு சத்தம் வரும்.

2.00க்குச் சுற்ற ஆரம்பித்தேன். தோள் கழன்றுவிடும்போல் இருந்தது. ஒவ்வொரு சுற்றுக்கும் மனதுக்குள் அவளிடம் பேசினேன். கொஞ்சம் பொறும்மா. இதோ. இதோ வந்துடும். 2.10க்கு நிறுத்தினேன்.

குழாயை எடுத்து விளக்குக்கு முன்னால் பிடித்தேன். லென்ஸில் பார்த்தேன். கூம்பின் நுனிவரை டீசல். சொட்டுத் தண்ணீர் இல்லை. மண்டி இல்லை.

எனக்கு அழுகை வந்துவிட்டது. லாரி இப்போது கிளம்பினால் மூன்றேகாலுக்கு ஆஸ்பத்திரி. ஆறு மணிக்கு இன்னும் எவ்வளவோ நேரம் இருக்கிறது.

குழாயை மர ஸ்டாண்டில் வைத்தேன். ரிஜிஸ்டரைத் திறந்தேன். முதல் கட்டத்தில் 0.00 என்று எழுதினேன். பேனாவை இரண்டாவது கட்டத்துக்கு நகர்த்தினேன். வழக்கம்போல.

டிக்... டிக்.

நிமிர்ந்தேன். சுவர்க் கடிகாரத்தில் 2.11.

கண்ணாடியை நகத்தால் தட்டும் சத்தம். ஷிப்ட் மாறும்போதெல்லாம் இருபது வருடமாகக் கேட்டுப் பழகிய சத்தம். ஸ்டாண்டில் குழாய்கள் அசையாமல் நின்றன. மழைத்துளி எங்கேயோ ஒழுகுகிறது என்று நினைத்தேன். மேலே பார்த்தேன். கூரை காய்ந்திருந்தது.

"சார்! முடிஞ்சுதா?" வெளியே மேனேஜர் குரல். கதவைத் திறந்து தலையை மட்டும் நீட்டினேன். "முடிஞ்சுது சார். ரெண்டே நிமிஷம், கையெழுத்து போட்டுத் தர்றேன்."

அரை நிமிடம்கூட இருக்காது. திரும்பி வந்தேன்.

மேஜைமேல் நான் கசக்கிப் போட்ட துடைக்கும் துணி... நான்காக மடித்து வைக்கப்பட்டிருந்தது. விளிம்போடு விளிம்பு பொருந்தி.

நான் துணியை மடிப்பதில்லை. எனக்கு அந்தப் பழக்கமே கிடையாது.

லென்ஸ் அதன் ஆணியில் தொங்கியது. நான் அதை மேஜையில் வைத்திருந்தேன். ஆணியில் அது மெதுவாக ஆடிக்கொண்டிருந்தது.

ஸ்டாண்டைப் பார்த்தேன். காலி.

குழாய்கள் இரண்டும் மிஷினின் கிண்ணங்களில் இருந்தன.

நானே வைத்திருப்பேன், மறந்திருப்பேன். ஒன்பது நாளாகத் தூக்கம் இல்லை. அப்படித்தான் எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். குழாய்களை எடுக்கக் கை நீட்டினேன்.

கைப்பிடி நகர்ந்தது.

கால் சுற்று. அரைச் சுற்று. மெதுவாக... கீழே போய்... மேலே வந்தது.

கர்...

கர்ர்...

கர்ர்ர்ர்ர்...

கிண்ணங்கள் எழும்பிப் படுத்துப் பறந்தன. கைப்பிடி கண்ணுக்குத் தெரியாத வேகத்தில் சுழன்றது. மேஜை அதிர்ந்தது. அதைத் தொட்டுக்கொண்டு யாரும் இல்லை.

நான் சுவரோடு ஒட்டிக்கொண்டேன். கத்த வாய் திறந்தேன். காற்றுதான் வந்தது. கதவு நான்கடி தூரம். கால் நகரவில்லை.

2.14க்கு ஆரம்பித்தது. கடிகாரத்தைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன். வேறு எங்கே பார்ப்பது?

2.18...

2.21...

2.24க்கு நின்றது. சரியாகப் பத்து நிமிடம்.

டிக்... டிக்.

அப்புறம் ரிஜிஸ்டரில் ஒரு உரசல். காகிதத்தில் பேனா போகும் சத்தம். மிகச் சிறிய சத்தம்.

எவ்வளவு நேரம் நின்றேனோ... நகர்ந்தேன். விளக்கைக் கையில் எடுத்துக் குழாயின் நுனியைப் பார்த்தேன்.

தண்ணீர். அதன் அடியில் பழுப்பாக மண்டி.

ரிஜிஸ்டரைப் பார்த்தேன்.

முதல் கட்டத்தில் என் எழுத்து. 0.00. இரண்டாவது கட்டத்தில் மை இன்னும் காயவில்லை. 0.40.

இரண்டு பூஜ்யத்தின் நடுவிலும் சாய்வாக ஒரு கோடு.

நாற்காலியில் விழுந்தேன். அந்த எழுத்து தெரியாமல் போகுமா எனக்கு? கடைப் பட்டியலில், பால் பாக்கெட் கணக்கு எழுதும் காலண்டரில், என் மருந்துச் சீட்டில் பார்த்த எழுத்து. ஆனால் அவள் ஆஸ்பத்திரியில் அல்லவா இருக்கிறாள். நினைவில்லாமல், மிஷினில் மூச்சு விட்டுக்கொண்டு. உயிரோடு இருக்கிறவள் இங்கே எப்படி...

அந்த நினைப்பை அதற்கு மேல் போகவிடவில்லை. பல்லைக் கடித்துக்கொண்டேன்.

ஏனென்றால் கணக்கு இவ்வளவுதான். அது அவள் எழுத்து என்று ஒப்புக்கொண்டால் அவள் இல்லை என்று ஒப்புக்கொள்ள வேண்டும். அவள் இருக்கிறாள் என்றால் இது என் மூளைக் கோளாறு, டீசல் சுத்தம், லாரி போகலாம்.

நான் இரண்டாவதைப் பிடித்துக்கொண்டேன். மூழ்குகிறவன் பிடிப்பதுபோல.

குழாய்களைக் கொட்டினேன். கழுவி உலர்த்தினேன். பாட்டிலிலிருந்து புதிதாக நூறு நூறு மில்லி ஊற்றினேன். நானே சுற்றினேன். 2.30 முதல் 2.40 வரை.

சொட்டுத் தண்ணீர் இல்லை.

"பாத்தியா!" என்று சத்தமாகவே சொன்னேன். யாரிடம் சொன்னேன் என்று கேட்காதீர்கள்.

கதவு தடதடத்தது. டிரைவர். "சார், ரோட்டுல தண்ணி ஏறிட்டே இருக்கு. இன்னும் லேட்டானா பாலத்தடியில போறதே கஷ்டமாயிடும். குடுங்க சார்."

பேனாவை எடுத்தேன். சான்றிதழில் என் பெயருக்கு மேல் நுனியை வைத்தேன்.

டிக்... டிக்.

"வேண்டாம்" என்றேன். "விடும்மா. உனக்குத்தானே இது போகுது. நீதானே அங்க படுத்திருக்க. ஒரே ஒரு தடவை விடு."

டிக்... டிக்.

"உன் காலைப் பிடிச்சுக் கேக்கறேன்."

டிக்... டிக்.

அப்போதுதான் மற்ற பதினோரு கட்டில் நினைவுக்கு வந்தது. அவள் கட்டிலுக்கு வலப்பக்கம் ஒரு பள்ளிக்கூட டீச்சர். இடப்பக்கம் பிரசவமாகி நான்கு நாளான பெண். இந்த டீசல் உள்ளே போனால் கால் மணி நேரத்தில் ஜெனரேட்டர் விக்கும். நின்றால், பைப்பெல்லாம் கழற்றிக் கழுவாமல் மறுபடி எடுக்காது. பன்னிரண்டு மிஷினும்...

இரண்டாவது முறை சுற்றுவது என்று முடிவெடுத்தேன். என் கையால். தண்ணீர் வரக் கூடாது, வரக் கூடாது என்று வேண்டிக்கொண்டே சுற்றினேன். வராவிட்டால் எல்லாம் பிரமை. வராவிட்டால் அவள் இருக்கிறாள்.

2.46...

2.50... தோள் விட்டுப்போனது. கை தானாக நழுவி விழுந்தது.

கைப்பிடி நிற்கவில்லை.

மீதி ஆறு நிமிடமும் அதுவே சுற்றியது. என் முகத்துக்கு ஒரு அடி தூரத்தில். நான் இப்போது ஓடவில்லை. அழுதுகொண்டே பார்த்துக்கொண்டிருந்தேன்.

2.56. நின்றது.

லென்ஸை எடுத்தேன்.

0.40.

கதவைத் திறந்தேன். மேனேஜர் கை நீட்டினார்.

"நாலாம் டேங்க் ரிஜெக்ட் சார். லாரியை இறக்கணும்."

"என்ன சார் சொல்றீங்க? இறக்கிட்டு ஆறுலேருந்து ரொப்பினா, பம்ப் இல்லாம, தானா வழிஞ்சு... ஏழு மணி ஆயிடும் சார்." அவர் குரல் இறங்கியது. "உங்க சம்சாரம் அங்கதானே..."

"ஆமா சார்."

"அவங்க மிஷின்..."

"ஆமா சார். இறக்குங்க."

அவர் லாரியை நோக்கி நடந்தார். டிரைவர்தான் தலையைச் சொறிந்துகொண்டு, "ரெண்டு ஹோஸ் சேத்துப் போட்டா வேகமா இறங்கும் சார். முயற்சி பண்ணுவோம். எனக்கும் இன்னைக்கு வேற ஜோலி இல்ல" என்றார். ஆறாம் டேங்க் சாம்பிளை நான் சுற்றினேன். ஒரு முறை, 0.00. இரண்டாவது முறை, 0.00. இரண்டும் என் கையால்தான். கைப்பிடியை வேறு யாரும் தொடவில்லை. அறையில் யாரும் இருப்பதுபோலவும் இல்லை.

அது ஏனோ முன்னைவிடப் பயமாக இருந்தது.

லாரியில் டிரைவர் பக்கத்தில் நானும் ஏறினேன். பாலத்தடியில் தண்ணீர் கதவு வரை வந்தது. அவர் நிறுத்தாமல் ஓட்டினார். 5.52க்கு ஆஸ்பத்திரி. ஜெனரேட்டர் இன்னும் ஓடிக்கொண்டிருந்தது. டேங்கின் அடியில் நாலு விரல் டீசல் மிச்சம்.

நான் படியில் தாவி ஏறினேன். மச்சினன் மாடிப்படியிலேயே உட்கார்ந்திருந்தான். என்னைப் பார்த்ததும் எழுந்திருக்கவில்லை.

"எத்தனை மணிக்கு?" என்றேன்.

அவன் என்னை விசித்திரமாகப் பார்த்தான். யாரும் எனக்குச் சொல்லியிருக்கவில்லை என்பது அவனுக்குத் தெரியும்.

"ரெண்டு பதினொண்ணு. நர்ஸ் சார்ட்ல எழுதிட்டாங்க. எத்தனை தடவை போன் பண்ணேன் மாமா... போகவே இல்ல."

"கரண்ட்டு..."

"இல்ல மாமா. மிஷின் நல்லாத்தான் ஓடிட்டிருந்துச்சு." அவன் தன் கையைப் பார்த்துக்கொண்டு சொன்னான். "ரெண்டு மணிக்கு அக்கா வலது கை அசைஞ்சுது. முழிச்சிட்டான்னு நினைச்சேன். எதையோ சுத்தற மாதிரி... சுத்திக்கிட்டே இருந்தா. பத்து நிமிஷம். அப்புறம் நின்னுடுச்சு."

மற்ற பதினோரு பேரும் அன்று பிழைத்தார்கள். எல்லாரும் என்னைப் பெரிய மனதுக்காரன் என்றார்கள். மேனேஜர் என் கையைப் பிடித்துக்கொண்டு அழுதார். நானும் கொஞ்ச நாள் அதை நம்பினேன். அவள் கடைசியாக வந்து என்னை ஒரு பாவத்திலிருந்து காப்பாற்றினாள் என்று மச்சினனிடம்கூடச் சொன்னேன்.

அது போன வாரம் வரை.

தேதி முடிந்த சாம்பிள் பாட்டில்களைக் கொட்டுவதற்காகப் பட்டியல் எடுத்துக்கொண்டிருந்தேன். பாஸ் செய்த ஒவ்வொரு டேங்கின் சாம்பிளிலும் ஒரு பாட்டிலைத் தொண்ணூறு நாள் அலமாரியில் வைத்திருப்போம். பின்னால் யாராவது புகார் சொன்னால் எடுத்துப் பார்க்க. பட்டியலுக்காக ரிஜிஸ்டரைப் பின்னோக்கிப் புரட்டினேன்.

புயலுக்குப் பதினோரு நாள் முன்பு. பஸ் ஷெட்டுக்குப் போன டீசல். டெஸ்ட் செய்தது நான். அன்று சாயங்காலம் வீட்டில் அவள் வழக்கம்போலக் கேட்டாள். நானும் வழக்கம்போல அவள் தலையில் கை வைத்துச் சொன்னேன். அடுத்த நாளைக்கு அடுத்த நாள் அந்தப் பஸ்.

முதல் கட்டத்தில் 0.00. என் எழுத்து. இரண்டாவது கட்டத்திலும் 0.00 எழுதியது எனக்கு நன்றாக நினைவிருக்கிறது.

இப்போது அங்கே 0.35 என்று இருக்கிறது.

அழித்த தடம் இல்லை. பூஜ்யத்தின் நடுவே சாய்வாக ஒரு கோடு.

தலைமை அலுவலகத்துக்குப் போன் போட்டேன். எழுதிய அன்றே கார்பன் பிரதியைக் கிழித்து அவர்களுக்குத் தபாலில் அனுப்பிவிடுவோம். அது அவர்கள் அலமாரியில் பூட்டிக் கிடப்பது. அங்கிருந்த கிளார்க்கைப் படிக்கச் சொன்னேன்.

"முதல் சுத்து சைபர், சைபர் சைபர். ரெண்டாவது சுத்து சைபர், முப்பத்தஞ்சு."

"நல்லாப் பாத்துச் சொல்லும்மா."

"நல்லாத்தான் சார் இருக்கு. சைபர் நடுவுல ஒரு கோடு வேற போட்டிருக்கு." காகிதம் புரளும் சத்தம். "சார்... லிமிட் 0.05 தானே? கீழ உங்க கையெழுத்து இருக்கே. இதை எப்படி பாஸ் பண்ணீங்க?"

போனை வைத்துவிட்டேன்.

அந்தப் பாட்டில் இன்னும் அலமாரியில் இருக்கிறது. இன்றோடு தொண்ணூறு நாள். நாளைக் காலை கொட்டிவிட வேண்டும். இன்று மதியம் லேபில் நான் மட்டும்தான். பழைய கை மிஷினை மேஜை விளிம்பில் மாட்டினேன். இரண்டு குழாயில் நூறு நூறு மில்லி ஊற்றினேன். ஒரு முறை சுற்றினேன்.

0.00. பளிச்சென்று இருக்கிறது.

இரண்டாவது முறை நான் சுற்றவில்லை. சுற்ற மாட்டேன். குழாய்களை மறுபடி கிண்ணத்தில் வைத்துவிட்டு, இரண்டு கையையும் மேஜைமேல் வைத்துக்கொண்டு, இதை எழுதிக்கொண்டிருக்கிறேன். துடைக்கும் துணியைக் கசக்கித்தான் போட்டிருக்கிறேன்.

கடிகாரத்தில் 2.08.

இன்னும் மூன்று நிமிடம் இருக்கிறது.